குர்லாவில் பிறந்த பத்மினி

ஒவ்வொரு பெருநகருக்கும் ஓர் ஊர்தி அடையாளமாய் வாய்த்துவிடுகிறது. கல்கத்தாவை நினைத்தால் டிராம் வண்டியின் மணியோசை நினைவுக்கு வரும். பழைய சென்னையை நினைத்தால் கைரிக்ஷா கண்முன் நிற்கும். மும்பைக்கு மின்சார ரயில் உயிர்நாடி என்பதில் ஐயமில்லை. ஆயினும் இந்நகரின் முகம் எதுவென்று கேட்டால், கறுப்பு உடலும் மஞ்சள் தலையும் கொண்ட டாக்சி என்றே பலரும் கூறுவர். அந்த டாக்சியாய் அரை நூற்றாண்டுக் காலம் இங்கு ஓடியது, முதலில் ஃபியட் என்றும் பின்னர் பத்மினி என்றும் பெயர் பூண்ட ஒரே குடும்பத்து வண்டி. இத்தாலியில் கருக்கொண்டு, குர்லாவில் பிறந்து, இந்நகரத் தெருக்களிலேயே மூப்பெய்தி மறைந்த அவ்வண்டியின் வரலாற்றை, நம் கோவண்டியில் நின்று சற்றே நோக்குவோம்.

ரயில்வேயில் குமாஸ்தாவாய்ப் பணியாற்றும் எமக்கு மோட்டார் வண்டியைப் பற்றி எழுத என்ன உரிமை என்று அன்பர்கள் வினவலாம். நியாயமான வினாவே. சொந்தமாகக் கார் வைத்து ஓட்டும் பேறு எமக்கு வாய்த்ததில்லை. ஆனால் நீராவி எஞ்சின்கள் ஓய்வு பெற்ற கதையை ரயில்வே மூத்தோர் வாயிலாகப் பலகாலும் கேட்டிருக்கிறோம். ஓர் இயந்திரம் மறையும்போது இரும்பு மட்டும் மறைவதில்லை. அதனை அறிந்த கைகளின் தொழிலும் மெல்ல மறைகிறது. இந்த உண்மையே எம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டிற்று.

கோவண்டி துறைமுக ரயில் பாதையில் செம்பூருக்கும் மான்குர்துக்கும் இடையே உள்ள நிலையம். இங்கிருந்து செம்பூர், திலக் நகர், குர்லா என மூன்றாவது நிறுத்தத்தில் இறங்கினால் குர்லா. இப்பாதையின் பிறப்பே வேடிக்கையானது. குர்லாவிலிருந்து செம்பூர் வரை 1906இல் இருப்புப்பாதை போட்டது மக்கள் போக்குவரத்துக்காக அன்று. நகரத்துக் குப்பையைச் சுமந்து வரும் வண்டிகளுக்காக. 1924இல்தான் அதில் பயணிகள் ஏறினர். 1927 முதல் தேவனார் குப்பை மேடு நம் அண்டை வீடாயிற்று. பின்னர் 1970களில், நகரின் பிற பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட குடிசை மக்கள் சிவாஜி நகரிலும் சீத்தா முகாமிலும் குடியேற்றப்பட்டனர். சீத்தா முகாமுக்கு 1976இல் ஜனதா காலனியிலிருந்து பெயர்க்கப்பட்டோரில் நம் தமிழ்க் குடும்பங்களும் மிகப்பல.

ஆகவே நகரம் வேண்டாமென்று தள்ளிய பொருளும் நகரம் இடம் மறுத்த மனிதரும் வந்து சேரும் ஊராகவே கோவண்டிப் பக்கம் நெடுங்காலம் இருந்துவந்தது. இதில் இழிவு யாதுமில்லை. தள்ளிய பொருளைத் தட்டி நிமிர்த்தி மீண்டும் உழைக்கச் செய்யும் கலை இவ்வூர்க்காரர்க்குக் கைவந்தது இதனாலேயே. சந்துக்குச் சந்து காணப்படும் பழுது பார்க்கும் கொட்டகைகளே அதற்குச் சான்று. பத்மினி வண்டி இத்தனை ஆண்டு உயிர் வாழ்ந்தது குர்லாத் தொழிற்சாலையின் வலிமையால் மட்டுமன்று. இத்தகைய கொட்டகைகளின் தயவாலும் என்பதை அன்பர்கள் மேலே காண்பர்.

இனி வண்டியின் பூர்வோத்தரத்தைக் கூறுவோம். இத்தாலியின் டுரின் நகரில் 1899இல் தொடங்கப்பெற்றது ஃபியட் நிறுவனம். சாமானியரும் வாங்கத்தக்க சிறு வண்டி செய்வதில் அவர்கள் வல்லவர். 1936இல் அவர்கள் வெளியிட்ட ஃபியட் 500 என்னும் குட்டி வண்டியை இத்தாலிய மக்கள் ‘டோபோலினோ’ என்று செல்லமாய் அழைத்தனர். சுண்டெலி என்பது அதன் பொருள். மிக்கி மவுஸ் என்னும் சித்திர எலிக்கும் அந்நாட்டில் அதுவே பெயர்.

அந்தச் சுண்டெலி குர்லாவுக்கு வந்த கதைக்கு மூலபுருஷர் வால்சந்த் ஹீராசந்த். சோலாப்பூரைச் சேர்ந்த இத்தொழிலதிபர் கப்பல், விமானம், மோட்டார் மூன்றையும் இந்தியர் தாமே செய்யவேண்டுமென்று கனவு கண்டவர். வெள்ளையர் ஆட்சியிலேயே, 1944இல், பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் என்னும் நிறுவனத்தை அவர் நிறுவினார். குர்லாவில் எழுந்த தொழிற்சாலையில் 1947இல் முதல் வண்டிகள் வெளிவந்தன. அவை அமெரிக்கக் கிரைஸ்லர் நிறுவனத்தின் துணைகொண்டு பூட்டப்பட்ட பெரிய வண்டிகள். ஆனால் புதிதாய் விடுதலை பெற்ற ஏழை நாட்டுக்கு ஏற்றது சிறிய வண்டியே எனக் கண்டு, 1950களின் தொடக்கத்தில் ஃபியட்டோடு உறவு கொண்டனர். முதலில் சுண்டெலி வண்டி இங்கே பூட்டப்பட்டது. அடுத்து 1954இல் ஃபியட் 1100 வந்தது. வால்சந்த் 1953இலேயே காலமாகிவிட்டமையால் தம் நிறுவனத்துக்கு வாழ்வளித்த அவ்வண்டியை அவர் கண்டாரல்லர்.

1100 என்னும் அவ்வண்டி பல விசித்திரங்கள் உடையது. அதன் எஞ்சின் 1089 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ளது; அதனை முழுமையாக்கி 1100 என்றனர். முன் கதவுகளின் கீல் வண்டியின் நடுக்கம்பத்தில் இருந்தது. ஆகவே முன் கதவும் பின் கதவும் எதிரெதிராய்த் திறந்தன. கியர் மாற்றும் தண்டு தரையில் இல்லாமல் ஸ்டீயரிங் சக்கரத்தின் அடியில் நீட்டிக்கொண்டிருந்தது. அதனால் முன்னிருக்கை ஒரே நீண்ட பலகையாய் அமைந்தது. ஓட்டுநர் அருகில் இருவர் நெருங்கி அமரவும் இடம் கிடைத்தது. உருண்டு திரண்ட அதன் முதுகைக் கண்ட இந்நகரத்து மக்கள் அதற்கு ‘டுக்கர் ஃபியட்’ என்று பட்டம் சூட்டினர். டுக்கர் என்றால் மராட்டியில் பன்றி. இத்தாலியில் சுண்டெலி எனப் பெயர் பெற்ற குடும்பம் பம்பாய்க்கு வந்து பன்றி எனப் பெயர் பெற்றது. இரண்டும் வைதாற்போன்ற பெயர்களாயினும் அன்பினால் இட்டவையே.

பின்பு வடிவம் மாறிற்று. 1960களின் நடுவில் ‘டிலைட்’ என்னும் பெயரோடு, நேர்க்கோடுகளும் கூரிய பின்புறமும் கொண்ட வண்டி வந்தது. கதவுகளும் எல்லா வண்டிகளையும் போலத் திறக்கலாயின. நாமெல்லாம் அறிந்த உருவம் இதுவே. 1970களின் தொடக்கத்தில் ஃபியட் ஒப்பந்தத்தின் காலம் முடியவே, இத்தாலியப் பெயரை விட்டுச் சிலகாலம் ‘பிரசிடெண்ட்’ என்றும், 1974 முதல் ‘பிரீமியர் பத்மினி’ என்றும் அது வழங்கலாயிற்று. சித்தூர்க் கோட்டை அரசி பத்மினியின் பெயரே அது. நம்மவருள் சிலர் அதனை நாட்டியப் பேரொளி பத்மினியின் பெயரென்றே கருதிப் பெருமிதம் கொண்டனர் என்று மூத்தோர் சொல்லிச் சிரிப்பதுண்டு. சுண்டெலியாய்ப் பிறந்து, பன்றியாய் வளர்ந்து, முடிவில் அரசியாய் முடி சூடிய வண்டி உலகில் வேறு உண்டோ, யாம் அறியோம்.

அக்காலத்தில் கார் வாங்குவது கலியாணம் முடிப்பதைவிடக் கடினம். எத்தனை வண்டி செய்யலாம் என்பதற்கு அரசின் உரிமம் வேண்டும். விலைக்கும் கட்டுப்பாடு. 1959இல் கார் விற்பனையை ஒழுங்குபடுத்தத் தனி ஆணையே பிறந்தது. பணம் கட்டிப் பெயரைப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர் மக்கள். நாட்டில் அப்போது பெயர் சொல்லத்தக்க கார்கள் மூன்றே. கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் அம்பாசிடர், குர்லாவில் ஃபியட், நம் தமிழகத்தில், தாம்பரத்தைத் தாண்டிப் பெருங்களத்தூர் வண்டலூர்ப் பகுதியில் ஸ்டாண்டர்டு. போட்டியில்லாச் சந்தையில் மூன்றும் சுகமாய் வாழ்ந்தன. இச்சுகமே பின்னர் நோயாய் முடிந்தது.

ஃபியட் வண்டி பம்பாய்க்கு டாக்சியாய் அமைந்தது ஏன்? தொழிற்சாலை உள்ளூரிலேயே இருந்தமையால் உதிரிப் பாகங்களுக்குக் குறைவில்லை. வண்டி சிறியது, காளபாதேவி போன்ற நெருக்கமான வீதிகளிலும் எளிதில் வளைந்து திரும்பும். எல்லாவற்றினும் மேலாக, அதனைச் சீர்செய்வது எளிது. ஒரு சில ஸ்பானர்களும் ஒரு திருப்புளியும் இருந்தால் வழியிலேயே பானெட்டைத் திறந்து காரியத்தை முடித்துவிடலாம். ஆகையால் ஓட்டுநர் ஒவ்வொருவரும் அரை மெக்கானிக்காய் விளங்கினர்.

நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் பம்பாயின் முதல் வரவேற்பு இந்த வண்டியிலேதான் கிடைத்தது. சென்னை வண்டியில் வந்து தாதரிலோ வி.டி. நிலையத்திலோ இறங்கி, தகரப் பெட்டியையும் படுக்கைச் சுருளையும் அரிசி மூட்டையையும் வண்டியின் தலைமேலுள்ள கம்பிச் சட்டத்தில் ஏற்றிக் கயிற்றால் கட்டி, உள்ளே குழந்தைகளை மடிமேல் அடுக்கி, மாதுங்காவுக்கும் தாராவிக்கும் செம்பூருக்கும் சென்ற தலைமுறை அது. இடப்பக்கத்து மீட்டரின் கொடியை ஓட்டுநர் சாய்க்கும்போது எழும் கிளிங் என்னும் ஓசை கேட்டதும், கையிலுள்ள பணம் போதுமோ என்று தந்தையர் முகம் வாடியதையும் மூத்தோர் நினைவுகூர்வர். பின்னர்க் கட்டில் வாங்கி வந்ததும், பிரசவத்துக்கு மருத்துவமனை சென்றதும், குழந்தையோடு திரும்பியதும் அதே வண்டியிலேதான்.

சரிவு எப்போது தொடங்கிற்று? 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த நாளிலே என்று துணிந்து கூறலாம். எடை குறைந்த, எரிபொருள் சிக்கனமுள்ள ஜப்பானிய நுட்பம் அது. இத்தாலியில் 1953இல் அறிமுகமான வண்டியின் எஞ்சினும் உடலும், சிற்சில மாறுதல்களோடு, முப்பது ஆண்டுக்குப் பின்னும் குர்லாவில் வார்க்கப்பட்டுவந்தன. பிரீமியர் நிறுவனம் 1985இல் 118 என்.இ. என்னும் வேறொரு ஃபியட் வடிவத்தில் ஜப்பானிய எஞ்சினைப் பொருத்தி வெளியிட்டது. 1991இல் பொருளாதாரக் கதவுகள் திறந்தன. பிரெஞ்சு நாட்டுப் பேஜோவோடு கூட்டுறவு கொண்டு கல்யாண் பக்கம் ஒரு வண்டி செய்தனர். அது சில ஆண்டுகளிலேயே முறிந்தது. ஃபியட்டோடு மீண்டும் கைகோத்து ஊனோ என்னும் வண்டிக்கு முன்பதிவு அறிவித்தபோது 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பணம் கட்டினர். ஆனால் தொழில் தகராறுகளும் தாமதங்களும் சேர்ந்து அந்த ஆர்வத்தை அணைத்துவிட்டன. பத்மினியின் உற்பத்தி இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், 2001 வாக்கில், நின்றது. குர்லாத் தொழிற்சாலையில் சிலகாலம் ஃபியட்டாரே பாலியோ முதலிய வண்டிகளைச் செய்தனர். பின்பு அவர்கள் புனேயை அடுத்த ரஞ்சன்காவுக்குப் பெயர்ந்தனர். ஃபியட் பெயரில் புதிய கார் விற்பதும் 2019இல் இந்தியாவில் முடிவுக்கு வந்தது.

ஸ்டாண்டர்டின் கதியும் இதுவே. 1961இல் வந்த ஹெரால்டு வண்டியும் 1970களில் வந்த கெசல் வண்டியும் தமிழகத்து மருத்துவர்க்கும் வழக்கறிஞர்க்கும் பெருமை சேர்த்தவை. 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்னும் வண்டியை வெளியிட்டனர். ஆங்கில நாட்டு ரோவரின் அழகிய உடல். உள்ளேயோ பழைய காலத்து எஞ்சின். புது வேட்டி உடுத்த கிழவரைப் போலாயிற்று அது. 1988 வாக்கில் உற்பத்தி நின்றது. குர்லாவும் பெருங்களத்தூரும் தொலைவால் வேறாயினும் பாடத்தால் ஒன்றே. வாங்குவோர் வரிசையில் நிற்கும் நாளில் கற்றுக்கொள்ளாதவர், வரிசை கலைந்தபின் கற்க அவகாசம் பெறுவதில்லை.

தொழிற்சாலை மூடிய பின்னரும் வண்டிகள் சாகவில்லை. 1990களில் மும்பையில் 60,000 அளவுக்குக் கறுப்பு மஞ்சள் டாக்சிகள் ஓடின. அவற்றுள் மிகப்பெரும்பாலானவை பத்மினிகளே. பெட்ரோலில் பிறந்த அவ்வண்டிகளின் பின்புறத்தில் எரிவாயு உருளையைப் பொருத்தி மேலும் பல்லாண்டு ஓட்டினர். பெட்டி வைக்கும் இடத்தை உருளை பிடித்துக்கொண்டதால் பயணியின் மூட்டை மீண்டும் தலைமேல் ஏறிற்று. ஆனால் காற்று மாசு கருதி டாக்சிகளுக்கு வயது வரம்பு விதித்தது அரசு. முதலில் 25 ஆண்டு, பின்னர் 20 ஆண்டு. கடைசி பத்மினி டாக்சி தார்தேவ் போக்குவரத்து அலுவலகத்தில் 2003 அக்டோபர் 29ஆம் நாள் பதிவானது. இருபதாண்டு நிறைந்து, 2023 அக்டோபர் 30 முதல் பத்மினி டாக்சி மும்பைத் தெருவினின்றும் நீங்கிற்று. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான் பெஸ்ட் நிறுவனத்தின் பழைய டீசல் இரட்டைமாடிப் பேருந்துகளும் விடைபெற்றிருந்தன. ஒரே பருவத்தில் நகரம் தன் இரு பழைய நண்பர்களை இழந்தது.

குர்லாவில் மேற்குப் பக்கமாய் இறங்கி நடக்கும் அன்பர்கள் இக்கதையின் இரு முனைகளையும் ஒருங்கே காணலாம். வடபால், பழைய ஆக்ரா சாலையாகிய லால்பகதூர் சாஸ்திரி சாலையை ஒட்டித் தொழிற்சாலை இருந்த வட்டாரத்தில் இன்று உயர்ந்த குடியிருப்புகளும் அலுவலகங்களும் எழுந்துள்ளன. பிரீமியர் சாலை என்னும் பெயர் மட்டும் அங்கே வழங்கிவருகிறது. தென்பால், கலினாவை நோக்கிச் செல்லும் சி.எஸ்.டி. சாலையில் பழைய வண்டிகளின் உறுப்புகளை விற்கும் கடைகள் நிரை நிரையாய் உள்ளன. பிறந்த ஊரிலேயே உறுப்பு உறுப்பாய்ப் பிரிக்கப்படும் ஊழ் பத்மினிகள் பலவற்றுக்கு நேர்ந்தது.

கோவண்டியில் நெல்லைச் சீமையைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் நாற்பது ஆண்டு ஃபியட் வண்டிகளைப் பழுது பார்த்தவர். அவருடைய கொட்டகை நம் நிலையத்தினின்றும் நடக்கும் தொலைவிலேயே உள்ளது. இப்போது அங்கே ஆட்டோ ரிக்ஷாக்களே வருகின்றன. “அண்ணாச்சி, இக்காலத்துக் கார்களை நீங்கள் பார்ப்பதில்லையா?” என்று வினவினோம். கையிலிருந்த கந்தலால் விரல்களைத் துடைத்துக்கொண்டே அவர் மறுமொழி கூறினார்: “தம்பி, ஃபியட் வண்டிக்கு நோவு வந்தால் சத்தம் போட்டு எங்களிடம் சொல்லும். வால்வா, கார்ப்பரேட்டரா, கிளச்சா என்று காதாலேயே கண்டுபிடிப்போம். இப்போதுள்ள வண்டி தன் நோவைக் கம்பெனிக்காரன் பெட்டியிடம் மட்டும்தான் சொல்லுகிறது. எங்களிடம் வாய் திறப்பதில்லை.”

அவர் சொல்லில் கசப்பில்லை. பத்மினி போனது நன்றே என்றும் அவரே சொன்னார். அதன் புகையை நாற்பது ஆண்டு சுவாசித்தவர் அவர். இருமல் அவரை விட்டபாடில்லை. குப்பை மேட்டுப் புகையும் வாகனப் புகையும் ஒருங்கே உண்ணும் கோவண்டி மக்களுக்குக் காற்றின் அருமையை யாரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆனால் அவருடைய கவலை வேறு. மகன் வயிற்றுப் பேரன் தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் படிப்பில் சேர்ந்திருக்கிறான். கையெழுத்திடச் சென்ற தந்தை, “இந்தக் கரி நம் வீட்டோடு ஒழியட்டும், பையனைக் கணக்குப் படிக்க வைப்போம்” என்று தடுத்தாராம். தாத்தா சொன்னதோ வேறு: “கரி போய்விடும். காது போகக்கூடாது. மின்சார வண்டியானால் என்ன, அதற்கும் நோவு வராமலா இருக்கும்? கற்கட்டும்.” வீட்டில் இன்னும் வழக்கு முடிந்தபாடில்லை. பையன் மட்டும் காலையில் வகுப்புக்கும் மாலையில் கொட்டகைக்குமாய்ப் போய்வருகிறான்.

இவ்வழக்கில் யாம் தாத்தாவின் பக்கமே நிற்கிறோம். பத்மினியை மீட்டுக்கொணர வேண்டுமென்பது எம் கருத்தன்று. காலம் கடந்த வண்டி நிற்கத்தான் வேண்டும். நிறுவனம் தன் வெற்றியையே நம்பி மாறாமல் நின்றதால் வீழ்ந்தது. அவ்வண்டியை நம்பி வாழ்ந்த கைத்தொழிலாளரோ, பெட்ரோலிலிருந்து எரிவாயுவுக்கும் காரிலிருந்து ஆட்டோவுக்கும் மாறிக்கொண்டே உயிர் வாழ்ந்தனர். எவர் கற்றவர், எவர் கல்லாதவர் என்று சீர்தூக்கிப் பார்த்தல் வேண்டும். வியர்வைத் தொழிலைத் தாழ்வென்று கருதிப் பிள்ளைகளை அதனினின்றும் விலக்கும் மனப்பான்மை நம் குடும்பங்களில் பெருகிவருகிறது. மேசை வேலையும் நல்லதே. அதனாலேயே யாமும் உண்கிறோம். ஆயினும் மூன்று தலைமுறையாய்ச் சேர்த்த கையறிவைப் பழைய இரும்போடு எடை போட்டு விற்றுவிடலாகாது.

தமிழகத்தில் 2014ஆம் ஆண்டு ‘பண்ணையாரும் பத்மினியும்’ என்னும் திரைப்படம் இவ்வண்டியின்மேல் ஒரு முதியவர் கொண்ட பாசத்தையே பொருளாக்கி வெளிவந்தது. கிராமத்துப் பண்ணையாருக்கு ஒரு படம் கிடைத்தது. அவ்வண்டியைச் செய்தும் ஓட்டியும் தட்டி நிமிர்த்தியும் வாழ்ந்த மும்பைத் தமிழருக்கு ஒரு நான்கு பக்கமேனும் வேண்டாமா? குர்லாத் தொழிற்சாலையிலும் அதனைச் சுற்றிய பட்டறைகளிலும் உழைத்த நம்மவர் பலர் இன்று எழுபதைக் கடந்தவர். அவர்கள் பெயர் எந்தக் கம்பெனி வரலாற்றிலும் ஏறப்போவதில்லை.

அன்பர்கள் இல்லத்தில் அத்தகைய மூத்தோர் இருப்பின், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரருகில் அமர்ந்து, எந்த ஆண்டு எந்தப் பிரிவில் என்ன வேலை செய்தார் என்று கேட்டு எழுதி, இவ்விதழுக்கு அனுப்பி வைக்க வேண்டுகிறோம். பழைய படம் ஏதேனும் இருப்பின் அதனையும் சேர்த்தனுப்புக. எழுத்துப் பிழை இருந்தாலும் கவலை வேண்டாம். திருத்தி வெளியிட ஆசிரியர் குழுவினர் உள்ளனர். காலந்தாழ்த்தாமல் கேட்டுவிடுதல் மட்டும் வேண்டும்.